ரூவான், 2002: கதீட்டர் வழியாகப் பொருத்திய முதல் பெருந்தமனி வால்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

2002 ஏப்ரல் 16 அன்று, பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள ரூவான் நகரின் ஷார்ல் நிக்கோல் பல்கலைக்கழக மருத்துவமனையில், 57 வயது ஆண் ஒருவருக்கு நெஞ்சைத் திறக்காமலேயே, ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் மூலம், செயற்கைப் பெருந்தமனி வால்வு பொருத்தப்பட்டது. மனிதருக்கு இந்தச் சிகிச்சை செய்யப்பட்டது அதுவே முதல் முறை. இன்று 'டாவி' என்ற பெயரில் உலகெங்கும் நடக்கும் சிகிச்சை அங்கேதான் தொடங்கியது. செய்தவர் இதயநோய் மருத்துவர் அலென் கிரிபியே.

நோயாளி அதன்பின் 17 வாரங்கள் உயிரோடு இருந்தார். அவருடைய புதிய வால்வு கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது. காலில் இருந்த நோய் முற்றி, அதன் தொடர்ச்சியாக அவர் இறந்தார். டாவியின் வரலாற்றைச் சொல்பவர்கள் முதல் பாதியை விரிவாகச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மருத்துவம் பயில்பவருக்கும் செவிலியருக்கும் நோயாளியின் குடும்பத்தாருக்கும் அந்த இரண்டாம் பாதி கற்றுத்தருவது அதிகம் என்பது என் கருத்து. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கே பதிவு செய்கிறேன்.

நோயும் அன்றைய வழியும்

இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தம் உடலுக்குச் செல்லும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள் துடிப்புக்கு ஒருமுறை திறந்து மூடும். வயதாகும்போது சிலருக்கு அந்த இதழ்களில் கால்சியம் படிந்து கல்லைப் போல இறுகிவிடுகிறது. இயல்பில் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் இருக்கும் திறப்பு 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே குறைந்தால் அது கடுமையான சுருக்கம். இதயம் பல ஆண்டுகள் தன் தசையைத் தடிப்பாக்கிக்கொண்டு ஈடுகொடுக்கும். அதனால் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. பிறகு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சிரைப்பு என்று அறிகுறிகள் தொடங்கும். இதயச் செயலிழப்பு தோன்றிவிட்டால், வால்வை மாற்றாமல் விட்டவர்கள் சராசரியாக இரண்டு ஆண்டுகளே வாழ்ந்ததாக 1968இலேயே பதிவாகியிருக்கிறது. இந்த நோய்க்கு மாத்திரை கிடையாது.

இருந்த ஒரே வழி அறுவை சிகிச்சை. நெஞ்செலும்பைப் பிளந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்த ஓட்டத்தை ஒப்படைத்து, இதயத்தை நிறுத்தி, பழைய வால்வை வெட்டியெடுத்துப் புதியதைத் தைப்பார்கள். 1960களிலிருந்து நடந்துவரும் நல்ல சிகிச்சை அது. ஆனால் இந்த நோய் அதிகம் தாக்குவது முதியவர்களை. அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாதவர்களும் அவர்களிடையேதான் அதிகம். 2001இல் ஐரோப்பிய மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, அறிகுறிகளோடு கடுமையான சுருக்கம் இருந்த 75 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்றே முடிவெடுத்திருந்தார்கள். கிரிபியேயின் வேலை முழுவதும் அந்த மூன்றில் ஒரு பங்கினரைப் பற்றியது.

1985 முதல் 2002 வரை

கிரிபியே 1945இல் பாரிஸில் பிறந்தவர். பியானோ வாசிப்பில் தேர்ந்தவர். இசையா மருத்துவமா என்று இளமையில் தயங்கியவர். 1976-77இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். இதயத்துக்குள் அழுத்தம் அளக்கும் மிதவைக் கதீட்டரை உருவாக்கிய ஸ்வான், கான்ஸ் ஆகிய இருவரும் அங்கேதான் இருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு வாழ்நாள் முழுக்க அவர் வேலை செய்தது ரூவானில்.

1985இல், பேராசிரியர் பிரீஸ் லெத்தாக்குடன் சேர்ந்து, அறுவை சிகிச்சைக்கு ஆகாத முதியவர்களின் இறுகிய வால்வைப் பலூனால் விரித்துப் பார்த்தார். முதல் மூன்று நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 1986இல் 'லான்செட்' இதழில் வந்தது. மயங்கி விழுந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால் ஓராண்டுக்குள் பெரும்பாலானோருக்கு வால்வு மீண்டும் சுருங்கிவிட்டது. பலர் இந்த முறையைக் கைவிட்டார்கள். கிரிபியே கைவிடவில்லை. பலூன் திறந்த வாசலைத் திறந்தபடியே தாங்கிப் பிடிக்க வழியுண்டா என்ற கேள்வியோடு அடுத்த பத்து ஆண்டுகளைக் கழித்தார்.

இதயத் தமனிகளில் ஸ்டென்ட், அதாவது தமனியைத் திறந்தபடி தாங்கும் உலோக வலைக்குழல், வைக்கும் சிகிச்சை 1986இல்தான் தொடங்கியிருந்தது. அதே உத்தியை வால்வில் கையாள முடியுமா என்று பார்க்க, 1994இல் கிரிபியேயும் அவருடன் பணியாற்றிய எலென் எல்ச்சானினோஃபும் சவப் பரிசோதனையில் கிடைத்த 12 இதயங்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லாமே கால்சியம் படிந்து இறுகிய வால்வுகள். அவற்றுக்குள் உலோக ஸ்டென்ட்டைப் பலூனால் விரித்தார்கள். கல்லாகிப் போன இதழ்கள் ஓரமாக ஒதுங்க, ஸ்டென்ட் வட்டமாக விரிந்து நின்றது. பிடுங்கியெடுக்கச் சுமார் 2 கிலோ இழுவிசை தேவைப்பட்டது. நோயை உண்டாக்கிய அதே கால்சியம்தான் ஸ்டென்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு உயரமான ஸ்டென்ட் வைக்கலாம் என்பதும் அந்த ஆய்வில்தான் தெரிந்தது. மேலே சென்றால் இதயத்துக்கே ரத்தம் தரும் தமனிகளின் வாயை அடைக்கும்; கீழே இறங்கினால் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வையும், துடிப்புக்கான மின்சாரம் செல்லும் பாதையையும் உரசும். இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்.

இந்த எண்ணம் அவருக்கு மட்டும் தோன்றியதல்ல. டென்மார்க்கில் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் 1989 மே மாதத்திலேயே ஸ்டென்ட்டுக்குள் தைத்த வால்வைப் பன்றியின் இதயத்தில் கதீட்டர் வழியாகப் பொருத்தி, 1992இல் வெளியிட்டிருந்தார். பாரிஸில் பிலிப் பான்ஹாஃபர் 2000இல் 12 வயதுச் சிறுவனின் நுரையீரல் தமனிப் பாதையில் கதீட்டர் வழியாக வால்வு வைத்தார். ஆயினும் மனிதரின் இறுகிய பெருந்தமனி வால்வில் இதைச் செய்ய எந்தப் பெரிய நிறுவனமும் முன்வரவில்லை. தமனி அடைபடும், பக்கவாதம் வரும், வால்வு இடம் பெயரும் என்று நிபுணர்கள் அடுக்கிய ஆபத்துகள் எல்லாமே நியாயமானவை. பிற்காலத்தில் இவை ஒவ்வொன்றும் யாரோ ஒரு நோயாளிக்கு நடக்கவும் செய்தன. எனவே மறுத்தவர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

1999இல் கிரிபியே, நியூயார்க்கைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் மார்ட்டின் லியோன், பொறியாளர்களான ஸ்டான் ராபினோவிச், ஸ்டான்டன் ரோவ் ஆகியோர் சேர்ந்து பெர்குடேனியஸ் வால்வ் டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இஸ்ரேலியப் பொறியாளர் குழு மாதிரி வால்வை வடிவமைத்தது. 2000இலிருந்து பாரிஸில் செம்மறியாடுகளிடம் சோதித்தார்கள். ஆட்டின் வால்வில் கால்சியம் கிடையாது. அதாவது, மனிதரிடம் ஸ்டென்ட்டைப் பிடித்து நிறுத்தும் என்று நம்பிய பொருளே சோதனை விலங்கிடம் இல்லை. 12 இதயங்களில் கண்டதும் ஆடுகளிடம் கண்டதும் ஒரே உடலில் சேர்ந்து வருமா என்பதற்கு முதல் மனிதர்தான் விடை சொல்ல வேண்டியிருந்தது.

நோயாளி வந்தபோது

அந்த மனிதருக்கு வயது 57. இந்த நோய்க்கு அது இளம் வயதுதான். மருத்துவமனைக்கு வந்தபோது அவர் இதய அதிர்ச்சி நிலையில் இருந்தார். அதாவது, உடலுக்குத் தேவையான ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாமல் ரத்த அழுத்தம் சரிந்து, மற்ற உறுப்புகளும் செயலிழக்கத் தொடங்கும் நிலை. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 55 சதவீதத்துக்கு மேல் வெளியேற்ற வேண்டும். இவருக்கு அது 15 சதவீதத்துக்கும் கீழே இருந்தது.

அதோடு அவருக்கு நுரையீரலில் மணல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட கணைய அழற்சி ஆகியவை இருந்தன. கால்களுக்குச் செல்லும் தமனிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, ஒரு கால் ரத்த ஓட்டமின்றித் தவித்துக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை மருத்துவர்கள் வால்வை மாற்ற மறுத்திருந்தார்கள். அந்த இதயத்தை நிறுத்திவிட்டு மீண்டும் துடிக்க வைக்க முடியும் என்று யாராலும் உறுதி சொல்லியிருக்க முடியாது என்பதால், அந்த மறுப்பைத் தவறு என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

பலூன் சிகிச்சை செய்து பார்த்தார்கள். வால்வு திறந்தது, ஆனால் பலன் நிலைக்கவில்லை. அதிர்ச்சி நிலை திரும்பியது.

எடுத்த முடிவுகள்

இந்த இடத்தில் குழு மூன்று முடிவுகளை எடுத்தது.

புதிய வால்வைப் பயன்படுத்துவதா என்பது முதலாவது. ஒன்றும் செய்யாவிட்டால் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மரணம் நிச்சயம் என்ற நிலை. மாற்றுச் சிகிச்சைகள் இரண்டும் முடிந்துவிட்டன. மனிதரிடம் முதன்முறை செய்யும் எதையும், இழப்பதற்கு ஏதுமில்லாதவரிடம் தொடங்குவதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் அறம். அந்த அறத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இவ்வளவு நோய்கள் உள்ளவரிடம் செய்தால், அவர் இறந்தால் வால்வால் இறந்தாரா மற்ற நோயால் இறந்தாரா என்று பிரித்தறிவது கடினம். தோற்றால் முயற்சியே அன்றோடு முடிந்துபோகும். குழு இதை அறியாமல் இருந்திருக்காது. அதனால்தான் பிறகு நடந்த தொடர் பரிசோதனைகள் இத்தனை முக்கியமாகின்றன.

எந்த வழியாகச் செல்வது என்பது இரண்டாவது. தொடைத் தமனி வழியாகப் பெருந்தமனிக்குள் ஏறி, ரத்தம் வரும் திசைக்கு எதிராக வால்வை அடைவதுதான் நேர் வழி. ஆனால் அன்றைய வால்வு செல்ல 24 பிரெஞ்சு அளவுள்ள, அதாவது 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் தேவை. இந்த நோயாளியின் கால் தமனிகள் அதை ஏற்கும் நிலையில் இல்லை. ஆகவே தொடைச் சிரை வழியாகச் சென்று, வலது மேலறையிலிருந்து இடைச்சுவரைத் துளைத்து இடது மேலறைக்குள் நுழைந்து, ஈரிதழ் வால்வைக் கடந்து, இடது கீழறையில் வளைந்து திரும்பி, ரத்தம் போகும் திசையிலேயே பெருந்தமனி வால்வை அடைவது என்று முடிவு செய்தார்கள்.

இந்தச் சுற்றுப்பாதையை அவசரத்தில் தேர்ந்தெடுக்க அவர்களால் முடிந்ததற்கு ஒரு பின்கதை உண்டு. கிரிபியே 1990களின் நடுப்பகுதியில், ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய ஈரிதழ் வால்வைத் திறக்க உலோகக் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். பலூனைப் போல ஒரே நோயாளியோடு முடிந்துவிடாமல், கிருமி நீக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதால் செலவு குறையும். இந்த நோய் அதிகமுள்ள இந்தியா போன்ற நாடுகளை மனத்தில் வைத்துச் செய்தது, இந்தியாவிலும் பயன்பட்டது. அந்தச் சிகிச்சைக்கு இடைச்சுவரைத் துளைத்தே ஆக வேண்டும். ஏழை நாடுகளின் நோயாளிகளுக்காகப் பழகிய கை இங்கே உதவிக்கு வந்தது.

முழு மயக்கம் தருவதா என்பது மூன்றாவது. இந்த நோயாளி அதைத் தாங்க மாட்டார் என்பதால் தொடையில் மட்டும் மரத்துப்போகச் செய்து, லேசான தூக்க மருந்து தந்தார்கள்.

ஏப்ரல் 16

வால்வு பசுவின் இதய உறையிலிருந்து வெட்டிய மூன்று இதழ்களால் ஆனது. அவை துருப்பிடிக்காத எஃகு ஸ்டென்ட்டுக்குள் தைக்கப்பட்டிருந்தன. அதைப் பலூன் மேல் வைத்து நசுக்கி, குழாய்க்குள் நுழையும் அளவுக்குச் சுருக்கினார்கள். நோயாளியின் இடைச்சுவரில் போட்ட துளையை இன்னொரு பலூனால் அகலப்படுத்தினார்கள்.

அதன்பின் முழு ஆபத்தும் ஒரு கம்பியில் இருந்தது. சிரையில் நுழைந்து, இதயத்தின் இரு பக்கங்களையும் சுற்றிப் பெருந்தமனி வரை செல்லும் வழிகாட்டிக் கம்பி இடது கீழறைக்குள் தளர்வான வளையமாகக் கிடக்க வேண்டும். கொஞ்சம் இறுக்கி இழுத்தாலும் அது ஈரிதழ் வால்வின் முன் இதழை மடக்கித் திறந்தபடி பிடித்துவிடும். ரத்தம் பின்னோக்கிப் பாயும், அழுத்தம் சரியும். ஏற்கெனவே அதிர்ச்சியில் இருப்பவருக்கு அது மரணம். ஆகவே ஒருவர் வால்வைத் தள்ளும்போது மற்றவர் எக்ஸ்-ரே திரையில் வளையத்தின் அளவைக் கவனித்தபடி கம்பிக்குத் தளர்வு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வால்வை எங்கே நிறுத்துவது என்பதற்கு அடையாளம் சொன்னது நோயாளியின் கால்சியமேதான். எக்ஸ்-ரேயில் அது கரிய திட்டாகத் தெரியும். அந்தத் திட்டின் நடுவே ஸ்டென்ட்டை நிறுத்திப் பலூனை விரித்தார்கள். இன்று, விரிக்கும் அந்தச் சில நொடிகளில் இதயத்தை மின்தூண்டலால் மிக வேகமாகத் துடிக்கவைத்து ரத்தப் பாய்ச்சலைத் தணிப்பது வழக்கமாகிவிட்டது. வால்வு நழுவாமல் இருக்க அது பேருதவி.

வால்வு குறித்த இடத்தில் உட்கார்ந்தது. இதயத் தமனிகளின் ஓட்டத்துக்குத் தடையில்லை. ஈரிதழ் வால்வுக்குப் பாதிப்பில்லை. ஸ்டென்ட்டுக்கும் பழைய வால்வுக்கும் இடையே சிறு கசிவு மட்டும் இருந்தது. ரத்த அழுத்தமும் இதயத்தின் வெளியேற்றமும் அப்போதே குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன. 48 மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் வால்வு மிக நன்றாக இயங்கியது.

17 வாரங்கள்

அடுத்த நான்கு மாதங்களில் உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோ பரிசோதனையை அடுத்தடுத்துச் செய்து வால்வைக் கண்காணித்தார்கள். அதன் செயல்பாடு திருப்தியாகவே இருந்தது. இதயச் செயலிழப்பு திரும்பவில்லை.

கால் தேறவில்லை. ரத்த ஓட்டமில்லாத கால் நாளுக்கு நாள் மோசமாகி, வெட்டியெடுக்கும் நிலை வந்தது. வெட்டிய புண் ஆறவில்லை. கிருமித்தொற்று ஏற்பட்டது. வால்வு பொருத்திய 17ஆவது வாரத்தில் நோயாளி இறந்தார்.

இத்தனையும் 2002 டிசம்பரில் 'சர்க்குலேஷன்' இதழில் வெளியான அறிக்கையிலேயே இருக்கிறது. கால் வெட்டப்பட்டதும் மரணமும் அதன் சுருக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. இறுதிவரை காத்திருந்து நடந்ததை முழுமையாக எழுதினார்கள். உலகின் முதல் சாதனை என்ற தலைப்போடு 48 மணி நேரத்தில் வெளியிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிரிபியேயிடம் நான் மிகவும் மதிப்பது இந்தப் பொறுமையைத்தான்.

இந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது

வால்வைப் பொறுத்தவரை கேள்விகள் அனைத்துக்கும் விடை கிடைத்தது. இறுகிய வால்வுக்குள் ஸ்டென்ட் விரியும், அங்கேயே நிற்கும், தமனிகளை அடைக்காது, வாரக்கணக்கில் வேலை செய்யும். சவ இதயத்திலும் ஆட்டிலும் தனித்தனியாகக் கண்டவை உயிருள்ள மனிதரிடம் ஒன்றுசேர்ந்தன.

நோயாளியைப் பொறுத்தவரை விடை அவ்வளவு தெளிவாக இல்லை. அதிர்ச்சி நிலையிலிருந்து மீண்டு நான்கு மாதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒரு பகுதி காலை இழந்த வேதனையில் கழிந்தது. அந்த மாதங்கள் அவருக்குப் பெறுமதி உடையவையா என்பதை அவர் மட்டுமே சொல்ல முடியும். மருத்துவ அறிக்கைகளில் அதற்கு இடமில்லை. இதயத்தைச் சரிசெய்வதும் நோயாளியைக் குணமாக்குவதும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதை இந்தச் சிகிச்சை தன் முதல் நாளிலேயே காட்டிவிட்டது.

அது அந்த ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு ஆகாத 358 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50.7 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். கதீட்டர் வழியாக வால்வு பெற்றவர்களில் அது 30.7 சதவீதம். நூற்றுக்கு இருபது உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது மருத்துவத்தில் அரிதான வெற்றி. அதே கணக்கில், நல்ல வால்வு கிடைத்தும் பத்தில் மூன்று பேர் ஓராண்டைத் தாண்டவில்லை. முதல் 30 நாள்களில் பெரிய ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 16.2 சதவீதத்தினருக்கு வந்தன; மற்ற பிரிவில் 1.1 சதவீதம். ரூவானின் முதல் நோயாளியின் கதை இந்த எண்களுக்குள்ளும் இருக்கிறது.

தொடர்ந்து நடந்தவை

பிரெஞ்சு அதிகாரிகளின் அனுமதியோடு, வேறு வழியற்ற நோயாளிகளுக்கு மட்டும் என்ற கருணை அடிப்படையில் ரூவானில் சிகிச்சை தொடர்ந்தது. அவர்களில் பலருக்கும் சிரை வழியாகச் செல்லும் அதே சுற்றுப்பாதைதான். கிரிபியே குழுவின் கையில் அது சாத்தியமாக இருந்தது. மற்ற இடங்களில் கற்பிக்க மிகக் கடினமாக இருந்தது. 2004இல் எட்வர்ட்ஸ் லைஃப்சயன்சஸ் நிறுவனம் அந்தச் சிறு நிறுவனத்தை 12.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2005இல் கனடாவின் வான்கூவரில் ஜான் வெப் தொடைத் தமனி வழிச் செல்லும் முறையைச் செம்மைப்படுத்தினார். மற்ற மருத்துவர்களும் கற்றுச் செய்யக்கூடியதாக இந்தச் சிகிச்சை மாறியது அப்போதுதான். ஐரோப்பாவில் 2007இலும், அமெரிக்காவில் 2011இலும் அனுமதி கிடைத்தது. 2019இல், அறுவை சிகிச்சையை எளிதாகத் தாங்கக்கூடிய ஆயிரம் நோயாளிகளிடம் செய்த ஆய்வில், ஓராண்டில் மரணம், பக்கவாதம், மீண்டும் மருத்துவமனையில் சேர்தல் ஆகியவை சேர்ந்த அளவு அறுவை சிகிச்சையில் 15.1 சதவீதமாகவும் டாவியில் 8.5 சதவீதமாகவும் இருந்தது. கிரிபியே இதையெல்லாம் பார்த்துவிட்டு 2024 பிப்ரவரியில் காலமானார்.

இன்று எவை மாறும்

குழாய் மெலிந்துவிட்டது. 24 பிரெஞ்சு இருந்த இடத்தில் இன்று 14 பிரெஞ்சு அளவுக் குழாய் வழியாகப் பெரும்பாலான வால்வுகள் செல்கின்றன. இடைச்சுவரைத் துளைத்துச் செல்லும் பாதை இந்தச் சிகிச்சைக்கு அநேகமாகக் கைவிடப்பட்டுவிட்டது. கால் தமனி ஆகாதவர்களுக்குத் தோள்பட்டைத் தமனி, கழுத்துத் தமனி என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. சிகிச்சைக்கு முன்பே சி.டி. ஸ்கேனில் வால்வின் சுற்றளவையும், காலிலிருந்து இதயம் வரையுள்ள தமனிகளையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிடுகிறார்கள். கசிவைக் குறைக்க ஸ்டென்ட்டைச் சுற்றித் துணி உறை வந்துவிட்டது.

முடிவெடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. இதயநோய் மருத்துவர், அறுவை சிகிச்சை மருத்துவர், மயக்க மருத்துவர், முதியோர் நல மருத்துவர் ஆகியோர் சேர்ந்து முடிவு செய்வது வழிகாட்டு நெறியாகிவிட்டது. மற்ற நோய்களால் ஓராண்டுக்குமேல் வாழ வாய்ப்பில்லாதவருக்கு வால்வு பொருத்துவதால் பயனில்லை என்று அந்த நெறிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன.

அப்படியானால் அதே 57 வயது மனிதர் அதே நிலையில் இன்று வந்தால் என்ன செய்வார்கள்? முதலில் பலூன் சிகிச்சையே நடக்கும். அதிர்ச்சியிலிருந்து மீட்டு அவகாசம் பெறுவதற்காக. கிடைத்த அவகாசத்தில் புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். காலைக் காப்பாற்ற முடியுமா என்று ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை மருத்துவரை அன்றே அழைப்பார்கள்; வால்வும் காலும் ஒரே திட்டத்தில் வரும். பலூனின் பலன் நிலைக்காமல் போனால், ரூவான் குழு நின்ற இடத்திலேயே வந்து நிற்பார்கள். புற்றுநோய் ஆரம்பக் கட்டம் என்றால் வால்வைப் பொருத்துவார்கள். முற்றிய கட்டம் என்றால், பொருத்த முடியும் என்று தெரிந்தும் பொருத்தாமல், மூச்சிரைப்பையும் வலியையும் தணிக்கும் சிகிச்சையை அவரோடும் குடும்பத்தாரோடும் பேசித் தொடங்குவார்கள். அந்தப் பேச்சை வால்வைப் பொருத்தக்கூடிய மருத்துவரே நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பேன். வேறு யாரிடமும் அதை ஒப்படைக்கக் கூடாது.